வன்னியில டெலி சூம் லென்ஸ் எடுக்கப்போறவைக்கு: ரெண்டு லென்ஸை எப்பிடி வச்சுப் பாக்கிறது

கிளிநொச்சிப் பக்கம் கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி எண்டு கமராவோட ஓடித்திரியிற பெடியள் என்னட்டக் கேக்கிறது ஒரே கேள்விதான். அண்ணை, 70-200 எடுக்கவா, 70-300 எடுக்கவா, இல்லாட்டி அந்தப் பெரிய 150-600 எடுக்கவா? (70-200 எண்டா 70 மிமீயில இருந்து 200 மிமீ வரைக்கும் சூம் ஆகும், மிமீ கூடக்கூடத் தூரத்தில இருக்கிறது கிட்டத் தெரியும்.) நான் உடன மறுமொழி சொல்லுறேல்ல. நீங்கள் எவ்வளவு தூரத்தில நிண்டு எடுக்கிறனியள், அந்த இடத்தில வெளிச்சம் எப்பிடி எண்டு திருப்பிக் கேப்பன். இந்த ரெண்டும் தெரியாமல் எந்த லென்ஸ் நல்லம் எண்டு கதைக்கிறது, வயல் எங்க கிடக்கு, தண்ணி வருமோ வராதோ எண்டு தெரியாமல் விதைநெல்லு வாங்கிற மாதிரி.

தூரத்துக்கு ஒரு லேசான கணக்கு இருக்கு, கொப்பியில எழுதி வையுங்கோ. ஃபுல் பிரேம் கமராவில சென்சர், அதாவது படம் விழுகிற தகடு, 36 மிமீ அகலம். நீங்கள் நிக்கிற தூரத்தை 36ஆல பெருக்கி லென்ஸின்ர மிமீயால பிரியுங்கோ, பிரேமுக்குள்ள எத்தினை மீட்டர் அகலம் விழும் எண்டு வந்திடும். சென்சர் சின்னனான குரொப் சென்சர் கமரா எண்டா 36க்குப் பதிலா நிக்கோன், சோனிக்கு 23.5 போடுங்கோ, கெனனுக்கு 22.3.

இப்ப பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப்போட்டியை எடுங்கோ. நூறு மீட்டர் முடியிற கோட்டில இருந்து 30 மீட்டர் பின்னால, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியால நிக்கிறியள், கையில 200 மிமீ. 30 தர 36 பிரி 200, 5.4 மீட்டர். ஒரு ஓட்டப் பாதை 1.22 மீட்டர் எண்டா நாலு பாதையும் கொஞ்சமும் பிரேமுக்குள்ள வரும். முதலாவதா வாற பிள்ளையும் பின்னால வாற ரெண்டு பேரும் விழுந்திடுவினம், அது காணும். அதே 200ஓட இரணைமடுக் குளக்கட்டில நிண்டு 15 மீட்டர் தள்ளிக் கம்பியில இருக்கிற மீன்கொத்தியை எடுத்தா பிரேம் 2.7 மீட்டர் அகலம். வெண்மார்பு மீன்கொத்தி ஒரு 28 சென்ரிமீட்டர்தான், படத்தில பத்தில ஒரு பங்குதான் பறவை, மிச்சம் எல்லாம் வானம். 600 மிமீ எண்டா பிரேம் 90 சென்ரிமீட்டராகும், பறவை மூண்டில ஒரு பங்கு நிக்கும்.

மன்னார்ப் பக்கம் வங்காலைக்குப் பூநாரை பாக்கப் போறவைக்குச் சொல்லுறன், அது 2010ல ராம்சார் ஈரநிலமா, அதாவது உலக அளவில முக்கியமான ஈரநிலமா அறிவிச்ச இடம், பறவை தண்ணிக்குள்ள தள்ளித்தான் நிக்கும். 150 மீட்டர் எண்டு வச்சா 200ல பிரேம் 27 மீட்டர் அகலம், 600ல 9 மீட்டர். கூட்டமாக் காட்ட 200 நல்லாவே காணும், ஒரு பறவையின்ர வளைஞ்ச அலகைக் காட்ட 600உம் காணாது. அதைக் காட்டுறதெண்டா பறவை தானாக் கிட்ட வரும்வரைக்கும் இருக்கவேணும், கலைச்சுக்கொண்டு பின்னால போகக்கூடாது.

அடுத்தது வெளிச்சம். என்ர எண்ணம் என்னெண்டா, லென்ஸை உங்கட வேலையில வாற ஆக மோசமான நேரத்துக்கு வச்சுத்தான் ஒப்பிடவேணும். காலமை எட்டு மணி வெயிலில எல்லா லென்ஸும் நல்ல லென்ஸ்தான். வற்றாப்பளைப் பொங்கல் இரவை யோசியுங்கோ, உப்புத்தண்ணியில விளக்கெரியுது எண்டு சனம் நம்புற கோயில், சனம் நெருக்கி நிக்குது, தீபத்தின்ர மஞ்சள் வெளிச்சமும் அங்கொண்டு இஞ்சொண்டா லைற்றும்தான். எஃப் நம்பர் எண்டது லென்ஸின்ர துவாரம், நம்பர் சின்னனெண்டா துவாரம் அகலம், வெளிச்சம் கூட வரும்; ஐஎஸ்ஓ எண்டது கமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுறது, கூடினாப் படம் பொரிப்பொரியா வரும். அப்பிடி இடத்தில எஃப் 2.8ல சட்டர் 1/200 செக்கன் வைக்க ஐஎஸ்ஓ 3200 வேணுமெண்டு வையுங்கோ. எஃப் 4 லென்ஸ் எண்டா அதே படத்துக்கு 6400. எஃப் 6.3 எண்டா கிட்டத்தட்ட 16000. எஃப் 8 எண்டா 25600. உங்கட கமரா 6400ஐத் தாங்குமோ 16000ஐத் தாங்குமோ எண்டு உங்களுக்குத்தான் தெரியும், பழைய குரொப் கமராப் பொடி வச்சிருக்கிறவை 3200க்கு மேல போகவே பயப்பிடுவினம், அவைக்கு 2.8 ஆடம்பரமில்லை, வேலை செய்ய வேண்டிய சாமான்.

ஸ்டெபிலைசர் இருக்குத்தானே, எஃப் 5.6 காணாதோ எண்டு கேப்பினம். ஸ்டெபிலைசர் உங்கட கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், காவடி ஆடுறவரைப் பிடிக்காது. அவர் அசைஞ்சா அசைஞ்சதுதான், அதுக்குச் சட்டர் வேகம் வேணும், சட்டர் வேகத்துக்கு வெளிச்சம் வேணும். அசையாமல் நிக்கிற சாமிக்கு, மேடையில இருக்கிற மாப்பிளை பொம்பிளைக்கு, வீடியோவுக்கு ஸ்டெபிலைசர் தங்கம். மற்றதுக்கு அகலமான துவாரம்தான்.

பாரத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்ல, நான் கதைக்கிறன். எங்கட கோயில்களில ஆம்பிளையள் மேல்சட்டை இல்லாமல் வேட்டியோடதான் உள்ளுக்கு நிக்கிறது. வெறும் தோளில கமராப் பட்டி, வேர்வை, 1480 கிராம் லென்ஸ், அதோட பொடி, பிளாஷ். கொடியேத்தத்துக்கு விடிய ஆறு மணிக்குப் போனா பதினொண்டு மட்டும் நிக்கவேணும், கழுத்தில பட்டி அறுத்த இடம் அடுத்தநாள் தண்ணி வாக்கேக்க எரியும். அதால கடையில ரெண்டு நிமிசம் தூக்கிப் பாத்திட்டு பாரமில்லை எண்டு சொல்லாதேங்கோ. ஒரு கூட்டாளியிட்ட இருந்தா இரவல் வாங்கி ஒரு முழு நாள் வேலை செய்து பாருங்கோ.

எண்ணிக்கையாச் சொன்னா வித்தியாசம் நல்லா விளங்கும். 2016ல வந்த சோனி 70-200 எஃப் 2.8 ஜிஎம் 1480 கிராம், 2021ல வந்த ரெண்டாவது 1045 கிராம். கெனன் பழைய இஎஃப் 70-200 எஃப் 2.8 மூண்டாவது பதிப்பும் 1480, ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 காலர் (ட்ரைபொட்டில பூட்டுற வளையம்) இல்லாமல் 1070. டாம்ரோன் 70-180 எஃப் 2.8 முதல் வந்தது 810 கிராம், ஆனா அதில ஸ்டெபிலைசர் இல்லை. 2023ல வந்த ஜி2வில இருக்கு, 855 கிராம். கெனன் ஆர்எஃப் 70-200 எஃப் 4 வெறும் 695. சோனி 200-600 எண்டா 2115, நிக்கோன் 200-500 எஃப் 5.6 காலரோட 2300. பிந்தின ரெண்டையும் மொனோபொட் எண்ட ஒத்தைக்கால் தாங்கி இல்லாமல் ஒரு மணித்தியாலம் பிடிச்சுப் பாருங்கோ, பிறகு பறவையைத் தேடமாட்டியள், இருக்கக் கல்லுத் தேடுவியள்.

இனி சூம் பண்ணேக்க லென்ஸ் நீளுமோ நீளாதோ எண்டது. சோனி ஜிஎம் ரெண்டாவது, சோனி 200-600, நிக்கோன் 180-600, கெனன் பழைய இஎஃப் 70-200கள் எல்லாம் நீளாது, உள்ளுக்குள்ளயே ஓடும். கெனன் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 2019ல வந்தது நீளும், டாம்ரோன் 70-180 நீளும், சோனி 70-200 எஃப் 4 ரெண்டாவதும் நீளும். நீளுறது பைக்குள்ள சின்னனா அடங்கும், மோட்டச்சைக்கிளில போறவைக்கு அது பெரிய உதவி. ஆனா எங்கட கிரவல் ரோட்டுப் புழுதி தெரியும்தானே, ஒட்டுசுட்டான் பக்கம் உள்வீதியில ஒரு டிப்பர் போனா ஐஞ்சு நிமிசத்துக்குச் செம்புழுதி நிக்கும். நீண்டுகொண்டு நிக்கிற குழாயைத் துடைக்காமல் உள்ளுக்கு இழுத்தா அந்தப் புழுதியும் கூடத்தான் போகும். நீளுற லென்ஸ் எடுத்தா மெல்லிய துணி ஒண்டு சட்டைப் பையில எப்பவும் இருக்கவேணும், ஒவ்வொருக்காலும் துடைச்சிட்டு மூடவேணும்.

வீடியோ எடுக்கிறவைக்கு நீளுற லென்ஸில இன்னொரு கரைச்சல், கிம்பலில, அதாவது கமரா ஆடாமல் மோட்டரால பிடிக்கிற தாங்கியில, 70க்கு பலன்ஸ் பண்ணி வச்சிட்டு 200க்குப் போனா முன்பக்கம் பாரமாகி மோட்டர் அலறத் துடங்கும். கிம்பலில போட்டுச் சூமும் பண்ணுறதெண்டா நீளாத லென்ஸ்தான்.

வீடியோவுக்கு வேற நாலைஞ்சு விசயம் பாக்கவேணும், போட்டோக்காரர் எழுதின விமர்சனத்தில அதுகள் வராது. முதலாவது, எஃப் 4.5-6.3 எண்டு ரெண்டு நம்பர் போட்ட லென்ஸில ரெக்கோட் போய்க்கொண்டிருக்கேக்க சூம் பண்ணினா படம் இருளும், தாலி கட்டேக்க அது நடந்தா திருப்பி எடுக்க ஏலாது. அதால வீடியோ வேலைக்கு ஒரே நம்பர் உள்ள எஃப் 4 லென்ஸ், ரெண்டு நம்பர் உள்ள விலை கூடின லென்ஸை விட நல்லம் எண்டுதான் நான் சொல்லுவன். ரெண்டாவது போக்கஸ் மூச்சு விடுறது, அதாவது கிட்ட இருந்து தூரத்துக்கு போக்கஸ் மாத்தேக்க படம் சூம் பண்ணின மாதிரி ஊதிச் சுருங்கும். 2009ல வந்த நிக்கோன் 70-200 எஃப் 2.8 விஆர் ரெண்டு இதுக்குப் பேர்போனது, கிட்டத்தில 200 எண்டு வச்சாலும் 135 மாதிரித்தான் காட்டும். கூர்மையில குறையில்லாத லென்ஸ், ஆனா மேடையில ஆள்மாறி ஆள் போக்கஸ் இழுக்கிறவைக்குச் சரிவராது. 2016ல வந்த அடுத்ததில அதைத் திருத்திப்போட்டாங்கள். மூண்டாவது, சூம் பண்ணேக்க போக்கஸ் அதே இடத்தில நிக்குதோ எண்டது. கனக்கப் போட்டோ லென்ஸில நிக்காது, ஓட்டோ போக்கஸ் ஓடிவந்து பிடிக்கும்வரைக்கும் அரைச் செக்கன் மங்கலாப் போகும்.

பிறகு எங்கட வெயில். கரண்ட் 50 ஹேட்ஸ் எண்டபடியால் செக்கனுக்கு 25 பிரேமில சட்டர் 1/50 வைக்கிறதுதான் வழக்கம், எல்ஈடி துடிக்கிறதும் குறையும். பட்டை வெயிலில ஐஎஸ்ஓ 100, 1/50 எண்டா எஃப் 22 கேக்கும், அதை 2.8க்குக் கொண்டுவர ஆறு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் எண்டா வெளிச்சம் பாதியாகும்) குறைக்கவேணும், அதுக்கு வெளிச்சத்தை 64ல ஒரு பங்காக்கிற கறுப்புக் கண்ணாடி, என்டி64 பில்டர். பிறகு நிறம் திருத்திறதுக்காக லொக் எண்ட மங்கல் நிறத்தில எடுக்கிறவைக்கு இன்னும் கூட வேணும். இந்த பில்டரை மலிவா வாங்காதேங்கோ. 24 மிமீ லென்ஸில தெரியாத குறை 200ல பூதமாத் தெரியும், நல்ல லென்ஸுக்கு முன்னால மட்டமான கண்ணாடி போட்டா படம் பால் ஊத்தின மாதிரித்தான் இருக்கும். எஃப் 2.8 70-200கள் கூடுதலா 77 மிமீ பில்டர், டாம்ரோன் 70-180 67, பெரிய 200-600, 150-600 கூடுதலா 95. 95 பில்டரின்ர விலையையும் லென்ஸ் விலையோட கூட்டிப் பாத்திட்டு முடிவெடுங்கோ.

சரி, ரெண்டு லென்ஸும் கையில கிடைச்சிட்டுது, எப்பிடிச் சோதிக்கிறது? இதைத்தான் கொஞ்சம் பொறுமையாச் செய்யவேணும். விடிய ஏழு ஏழரைக்குள்ள செய்யுங்கோ. மத்தியானம் ஏ9 ரோட்டைப் பாத்தீங்களெண்டா தாரில தண்ணி நிக்கிற மாதிரி ஒரு அலை ஓடும், வெட்டின வயலுக்கு மேலயும் அப்பிடித்தான், அந்தக் கானலுக்குள்ளால 200 மீட்டர் தள்ளி இருக்கிற மயிலை எடுத்திட்டு லென்ஸ் கூர்மையில்லை எண்டு வித்த ஆக்களை எனக்குத் தெரியும். எவ்வளவு காசு குடுத்து வாங்கின லென்ஸும் கானலை வெல்லாது.

முதல்ல ட்ரைபொட்டில போட்டு, ஸ்டெபிலைசரை நிப்பாட்டி, ரெண்டு செக்கன் டைமர் வச்சு, எழுத்து நிறைய உள்ள ஒரு தட்டையான பலகையை எடுங்கோ. பள்ளிக்கூட மதில், கோயில் திருப்பணிக் கல்வெட்டு எல்லாம் நல்ல சாமான். கமரா பலகைக்கு நேராப் பாக்கவேணும், சரிஞ்சா சோதனை பிழைச்சிடும். ஆக நீட்டின முனையில, ஆகத் துறந்த துவாரத்தில ஒண்டு, பிறகு ஒரு ஸ்டொப் குறைச்சு ஒண்டு. நடுவைப் பாத்திட்டு விட்டிடாதேங்கோ, நாலு மூலையையும் பெரிசாக்கிப் பாருங்கோ. நாலும் கொஞ்சம் மங்கல் எண்டா அது லென்ஸின்ர குணம். ஒரு மூலை மட்டும் மங்கலா, மற்றது மூண்டும் கூர்மையா இருந்தா அந்த லென்ஸுக்குள்ள கண்ணாடி விலகியிருக்கு, எங்கயும் விழுந்திருக்கலாம், வேண்டாம்.

ரெண்டாவது கையில பிடிச்சுச் சோதிக்கிறது. 200ல 1/60 வச்சு பத்துப் படம், எத்தினை கூர்மை எண்டு எண்ணுங்கோ. மற்ற லென்ஸிலயும் பத்து. கொம்பனி பெட்டியில எழுதின ஸ்டொப் கணக்கை விட இந்த எண்ணிக்கையைத்தான் நான் நம்புவன், ஏனெண்டா கை உங்கட கை.

மூண்டாவது சைக்கிள் சோதனை. தம்பியையோ பக்கத்து வீட்டுப் பெடியனையோ குளக்கட்டில 40 மீட்டர் தள்ளி நிப்பாட்டி, உங்களை நோக்கி வேகமா மிதிச்சு வரச்சொல்லுங்கோ. தொடர் போக்கஸில போட்டு அழுத்திப் பிடிச்சுக்கொண்டு எடுங்கோ. பெடியன் தூரத்தில வரேக்க எல்லா லென்ஸும் பிடிக்கும். கடைசிப் பத்து மீட்டர்தான் பரீட்சை, அதில கண்ணிமை கூர்மையா இருக்கிற படம் எத்தினை, கைபிடியில போக்கஸ் விழுந்த படம் எத்தினை, முழுக்கப் போனது எத்தினை எண்டு கொப்பியில போடுங்கோ. மூண்டு தரம் வரச்சொல்லுங்கோ, பெடியனுக்கு ஒரு சோடா வாங்கிக் குடுங்கோ. அதையே பின்னேரம் ஆறு மணிக்கு, சூரியன் இறங்கினாப் பிறகு திருப்பிச் செய்யுங்கோ. காலமை சமமா நிண்ட ரெண்டு லென்ஸ் அந்த இருட்டில பிரிஞ்சு போறதைக் காண்பியள்.

வீடியோவுக்கு போக்கஸை லொக் பண்ணி 70ல இருந்து 200க்கு மெதுவாப் போய்ப் பாருங்கோ, கமராவின்ர மைக்கில மோட்டர்ச் சத்தம் விழுதோ எண்டும் கேளுங்கோ.

பழசு வாங்கிறவைக்கு, அதாவது எங்களில முக்கால்வாசிப் பேருக்கு, இன்னும் ஒரு சோதனை இருக்கு. நான் இதைச் செய்யாமல் ஒருக்கா நல்லா அனுபவிச்சனான். கொழும்பில ஒரு கடையில 70-200 ஒண்டு எடுத்தன், வெளியில ஒரு கீறல் இல்லை, பகல் வெளிச்சத்தில கண்ணாடியும் பளிச்செண்டு இருந்தது. மாரி முடிய ஒரு கோயில் பூங்காவனத்தில சுவாமிக்குப் பின்னால இருந்து லைற் அடிக்கேக்க முழுப் படமும் புகை மூடின மாதிரி. வீட்ட வந்து டோர்ச் அடிச்சுப் பாத்தா ரெண்டாவது கண்ணாடியில சிலந்தி நூல் மாதிரி வெள்ளை வெள்ளையாக் கிளை விட்டிருக்கு, பூஞ்சணம். கடைக்காரர் உங்கட வீட்டில வந்தது எண்டிட்டார். அண்டைக்குப் போன காசைவிட, அந்தக் குடும்பத்துக்குக் குடுக்க ஏலாமல் போன படங்களை நினைச்சாத்தான் இப்பவும் மனம் நோகுது.

அதால பின்மூடியைக் கழட்டி, துவாரத்தை முழுக்கத் துறந்து, போன் டோர்ச்சைப் பின்னால இருந்து சரிவா அடிச்சுக்கொண்டு முன்னால பாருங்கோ. நேரா அடிச்சாத் தெரியாது, சரிவா அடிக்கவேணும். ரெண்டு மூண்டு தூசி இருந்தா ஒண்டும் செய்யாது. நூல் மாதிரி, பனிமூட்டம் மாதிரி இருந்தா வச்சிட்டு வாங்கோ. சூம் வளையத்தைச் சுத்தேக்க மணல் அரையிற சத்தம் கேக்குதோ, லென்ஸைக் கீழ பாத்துப் பிடிச்சாத் தானா நீளுதோ, ஸ்டெபிலைசர் போட்டா வியூபைண்டரில படம் துள்ளுதோ, ட்ரைபொட் காலர் கூட வருதோ எண்டும் பாருங்கோ. நிக்கோன்காரர் இன்னொண்டும், ஏஎஃப்-பி எண்டு போட்ட லென்ஸ் டி90, டி3000 மாதிரிப் பழைய பொடிகளில போக்கஸே ஆகாது, மலிவாக் கிடைக்குது எண்டு ஓடாதேங்கோ.

இனி என்ர முடிவைக் கேட்டா, விலை சொல்லேல்ல, அது டொலரோட ஏறி இறங்கும். கோயில், கல்யாணம், மேடை எண்டு உழைக்கிற ஆளுக்குப் புது 70-300ஐ விட, சோதிச்சு எடுத்த பழைய கெனன் இஎஃப் 70-200 எஃப் 2.8 ரெண்டாவது பதிப்பு, 2010ல வந்தது, கனக்க உழைச்சுக் குடுக்கும். நாளைக்கு மிரர்லெஸ் கெனனுக்கு மாறினாலும் அடப்டரில வடிவா வேலை செய்யும். சோனிக்காரருக்கு டாம்ரோன் 70-180 ஜி2, 20 மிமீ குறையுறதை நான் பெரிசா எடுக்கேல்ல. விளையாட்டுப்போட்டியும் பகல் வீடியோவும்தான் எண்டா எஃப் 4 70-200 ஒண்டே காணும், பாரமும் பாதி. பறவைதான் ஆசையெண்டா 2.8ஐ மறந்திட்டு நீளத்துக்குப் போங்கோ, பழைய சிக்மா 150-600 கன்டெம்பரரி 1930 கிராம், சுண்டிக்குளமோ கொக்கிளாயோ விடிய வெயிலில 6.3 தாராளம். நடக்கிற ஆக்களுக்கு கெனன் ஆர்எஃப் 100-400 635 கிராம்தான், ஆனா முனையில எஃப் 8, பொழுதுபட்டா பைக்குள்ள வையுங்கோ.

70-200ஐ வச்சே ரெண்டு மடங்கு கொன்வேட்டர், அதாவது லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில போட்டு மிமீயைக் கூட்டுற கண்ணாடி, போடலாமோ எண்டு கேப்பியள். போடலாம், 2.8 லென்ஸ் 400 எஃப் 5.6 ஆகும், ரெண்டு ஸ்டொப் போகும், கூர்மையும் கொஞ்சம் குறையும், வருசத்துக்கு ரெண்டுதரம் பறவை பாக்கிறவைக்குச் சரி. 2019ல வந்த கெனன் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8ல கொன்வேட்டர் ஏறாது, 2024ல வந்த இசட் பதிப்பில ஏறும். சோனி பொடியில டாம்ரோன், சிக்மா லென்ஸுகளுக்கும் கொன்வேட்டர் இல்லை, இது தெரியாமல் வாங்கிப்போட்டுப் பிறகு தேடித்திரியாதேங்கோ.

வாங்கின லென்ஸை அலுமாரிக்குள்ள உடுப்போட வையாதேங்கோ, தோல் பைக்குள்ளயும் வேண்டாம், ரெண்டும் ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். காத்துப் போகாத மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி, அதுக்குள்ள நிறம் மாறுற சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் ஒண்டு. மீட்டர் 40க்கும் 50க்கும் இடையில நிக்கவேணும். அரிசி போடுறவையும் இருக்கினம், அதின்ர மா லென்ஸுக்குள்ள போகும், வேண்டாம். ஜெல் நிறம் மாறினா தாச்சியில மெல்லிய நெருப்பில வறுத்து, ஆறினாப் பிறகு திருப்பிப் போடுங்கோ. நந்திக்கடல், கொக்கிளாய்ப் பக்கம் போட்டு வந்தா அண்டிரவே லேசா நனைச்சுப் பிழிஞ்ச துணியால வெளியுடம்பைத் துடைச்சு, காயவிட்டுத்தான் பெட்டிக்குள்ள வைக்கிறது. ஐப்பசி மழை துடங்க முதலே இந்தப் பெட்டி தயாரா இருக்கட்டும்.